பாலூட்டி: சொல்லும் அதைச் சுற்றியுள்ள பகுப்புகளும்

விக்கிப்பீடியாவில் விலங்குக் கட்டுரைகளை ஒழுங்குபடுத்த உட்காருகிற யாரும் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் சொல் இது. ஒருவர் 'பாலூட்டிகள்' என்று பகுப்பு (ஒரே வகைக் கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் பட்டியல்) போடுவார், இன்னொருவர் 'முலையூட்டிகள்' என்பார், மூன்றாமவர் 'பாலூட்டி விலங்குகள்' என்று தட்டிவிட்டுப் போவார், அவசரத்தில் நெடில் குறிலாகி 'பாலுட்டிகள்' என்றும் ஒன்று முளைக்கும். படிப்பவருக்கு நான்கும் ஒன்றுதான், மென்பொருளுக்கோ நான்கும் வேறு வேறு. யானை ஒரு பகுப்பிலும் திமிங்கிலம் இன்னொன்றிலும் கிடக்கும். சரி, எது பொருத்தமான சொல்?

முதலில் பிரித்துப் பார்ப்போம். பால் + ஊட்டு + இ. உண்பது தன்வினை, உண்ணச் செய்வது ஊட்டுவது. கடைசியில் வரும் இகரம் அந்த வேலையைச் செய்வதைக் குறிக்கும், வழிகாட்டி, மண்வெட்டி மாதிரி. ஆக, குட்டிக்குப் பால் கொடுப்பது பாலூட்டி. ஆண் விலங்கு எங்கே பால் கொடுக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பெயர் மொத்த வகுப்புக்கும் வைத்தது, தனித்தனி விலங்குக்கு அல்ல என்று சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான்.

இந்தக் கருத்தின் மூலம் சுவீடன் நாட்டு கார்ல் லின்னேயஸிடம் இருக்கிறது. 1735இல் அவர் வெளியிட்ட வகைப்பாட்டு நூலின் முதல் பதிப்பில் இந்த வகுப்பின் பெயர் குவாட்ருபீடியா, நான்கு கால் உடையவை என்று பொருள். (அதை அப்படியே தமிழாக்கியிருந்தால் நாற்காலி என்றுதான் வந்திருக்கும், நல்லவேளை.) அப்போது திமிங்கிலங்களை அவர் மீன்களோடு வைத்திருந்தார். 1758இல் வந்த 10ஆம் பதிப்பில்தான் பெயர் மம்மாலியா என்று மாறியது, திமிங்கிலங்களும் மீன்களை விட்டு இந்தப் பக்கம் வந்தன. லத்தீனில் 'மம்மா' என்றால் முலை. உடல் மயிரும் இந்த வகுப்புக்கே உரியதுதான், அதை வைத்தும் பெயர் சூட்டியிருக்கலாம். ஆனால் மருத்துவரான லின்னேயஸ் 1752இலேயே, பிள்ளைக்குத் தாயே பால் கொடுக்க வேண்டும், செவிலித்தாயிடம் விடக்கூடாது என்று வாதிட்டு எழுதியவர். அந்த அக்கறையும் இந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிறது என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு.

வேர்ச்சொல்லை மட்டும் பார்த்தால் முலையூட்டி என்பதே நேரான தமிழாக்கம். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு அதுதான் பழகிய சொல், அதில் தவறும் இல்லை. மலையாளத்தின் 'சஸ்தனி', இந்தியின் 'ஸ்தனதாரி' இரண்டும் முலையைப் பிடித்துக்கொண்டவை, தெலுங்கின் 'க்ஷீரதம்' பாலைப் பிடித்துக்கொண்டது.

என் ஓட்டு பாலூட்டிக்கே. கூச்சம் காரணமல்ல, பிளாட்டிபஸ்தான் காரணம். ஆஸ்திரேலியாவில் வாழும் இந்த விலங்கு முட்டையிடும், ஆனாலும் குஞ்சுகளுக்குப் பால் கொடுக்கும். முலைக்காம்பு கிடையாது, வயிற்றுத் தோலில் கசியும் பாலைக் குஞ்சுகள் குடிக்கின்றன. முட்டையிடும் இன்னொரு பாலூட்டியான எக்கிட்னாவும் அப்படித்தான். லின்னேயஸ் இந்தப் பெயரை வைத்தபோது ஐரோப்பிய அறிவியலுக்கு பிளாட்டிபஸ் தெரியாது, அதை முறையாக விவரித்ததே 1799இல்தான். முலையூட்டி என்ற சொல் இவற்றிடம் கொஞ்சம் தடுமாறும், பாலூட்டி தடுமாறாது. புறாவும் குஞ்சுக்குப் 'பால்' கொடுக்கிறதே என்றால், அது தொண்டைப்பையின் உட்சுவரிலிருந்து உதிரும் சத்துப்பொருள், பால் சுரப்பியில் ஊறுவதல்ல.

பழந்தமிழில் இந்த வகுப்புக்கென்று தனிச்சொல்லைத் தேட வேண்டாம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. குட்டி, கன்று, பறழ், குருளை என்று இளமைப் பெயர்களில் காட்டும் நுணுக்கம் அசத்தல், ஆனால் பால் கொடுப்பதை வைத்து ஒரு கூட்டம் பிரிக்கவில்லை. விலங்கு என்ற சொல்லுக்கே குறுக்கானது என்ற பொருள் உண்டு, நிமிர்ந்து நடக்கும் மனிதருக்கு மாறாக உடல் குறுக்குவாட்டில் அமைந்தது. அதனால் 'பாலூட்டி விலங்குகள்' என்று பகுப்பு போட்டால் மனிதன் கட்டுரையை எங்கே வைப்பது என்று பேச்சுப் பக்கத்தில் ஒரு சண்டை நிச்சயம். 'பாலூட்டிகள்' என்று நிறுத்திக்கொள்வது நல்லது.

முலையூட்டி என்று தேடுபவரும் வந்து சேர வேண்டுமே, அதற்கு அந்தத் தலைப்பிலிருந்து ஒரு வழிமாற்று, அதாவது தேடுபவரைத் தானாகச் சரியான கட்டுரைக்கு அனுப்பும் ஏற்பாடு, போதும். பகுப்புக்கு அது போதாது, உள்ளே இருக்கும் கட்டுரைகளைக் கையாலோ தானியங்கியாலோ நகர்த்த வேண்டும். அப்புறம், எல்லாவற்றையும் மேல்பகுப்பில் கொட்டக்கூடாது. புலி பூனைக் குடும்பத்தில் இருந்தால் போதும், அங்கிருந்து படிப்படியாக மேலே போய்விடும்.

உண்மையான வம்பு கீழ்ப்பகுப்புகளில்தான். நம் பெயர்கள் தோற்றத்தையும் பழக்கத்தையும் பார்த்து வைத்தவை, உறவைப் பார்த்து அல்ல. முள்ளம்பன்றி பன்றியல்ல, கொறிணி, அதாவது எலி, அணில் கூட்டம். முள்ளெலியும் மூஞ்சூறும் எலி மாதிரி தெரிந்தாலும் கொறிணிகள் அல்ல. கழுதைப்புலி கழுதையும் இல்லை புலியும் இல்லை, தனிக் குடும்பம். நீர்நாய், கடற்பசு கதையும் இதேதான். எறும்புதின்னி இன்னும் மோசம்: செதிலுள்ள அழுங்கையும் அப்படிச் சொல்கிறோம், அமெரிக்கக் கண்டங்களில் வாழும் மயிர் அடர்ந்த வேறொரு விலங்கையும் அப்படியே சொல்கிறோம், இரண்டும் வேறு வேறு வரிசை (குடும்பத்துக்கு மேலே உள்ள பிரிவு). இங்கே பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம், அதாவது ஒரே பெயருள்ள கட்டுரைகளைப் பிரித்துக்காட்டும் பக்கம், இல்லாமல் முடியாது. ஊனுண்ணி என்ற சொல்லிலும் கவனம் தேவை, வரிசையின் பெயராக அதை வைத்தால் மூங்கில் தின்னும் பாண்டாவும் உள்ளே வரும். அதை உணவுப் பழக்கம் என்று நினைத்துப் பகுப்பை நீக்குபவர்கள் இருப்பார்கள். பெயரை நம்பாமல், கட்டுரையின் வகைப்பாட்டுப் பெட்டியில் உள்ள அறிவியல் பெயரைப் பார்த்துப் பகுப்பு போடுவதே வழி.

பாலூட்டி இனங்கள் மொத்தம் 6,400க்கு மேல். அதில் ஐந்தில் இரண்டு பங்கு கொறிணிகள், ஐந்தில் ஒரு பங்கு வௌவால்கள். தன்னார்வலர்கள் ஆசையாக எழுதுவதோ புலியும் யானையும் திமிங்கிலமும். பாலூட்டிகளுக்கென்று விக்கித்திட்டம் (ஒரு தலைப்பில் கூடி எழுதும் குழு) தொடங்குபவர்கள் எலிக்கும் வௌவாலுக்கும் முதலில் ஆள் பிடிக்கட்டும், புலிக் கட்டுரையைத் திருத்த யாரும் கூப்பிடாமலே வருவார்கள்.