மூடியைத் தளர்த்திக் கொடுத்த பிள்ளை

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. சுற்றிலும் செம்பனை. தோட்ட லயத்தில் இருந்த குடும்பங்கள் பாதிக்கு மேல் இப்போது தாமான் எனும் குடியிருப்பு வீடுகளில். நான் செயல்வழி சிகிச்சையாளர், அதாவது அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்குபவர். பிள்ளைகளுக்கு வெறும் ‘தெரபி டீச்சர்’. என்னிடம் வரும் பையன் வகுப்பில் எப்படிச் சமாளிக்கிறான் என்று பார்க்கப் போயிருந்தேன். மூன்றாம் ஆண்டு. பெருமூளை வாதம், வலது கை மடங்கியே இருக்கும், பேச்சு இழுத்து இழுத்து வரும். தர்வின் என்று வைத்துக்கொள்வோம்.

ஓய்வு நேரம். பக்கத்தில் இருந்த யஷ்வினி (இதுவும் மாற்றிய பெயர்தான்) அவனுடைய தண்ணீர்ப் போத்தலை எடுத்து, மூடியை ஒரு திருகு திருகினாள். திறக்கவில்லை, தளர்த்தினாள், அவ்வளவுதான். அவன் முன்னால் வைத்துவிட்டுத் தன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கப் போய்விட்டாள். அவன் போத்தலைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, இடது கையால் மூடியைக் கழற்றிக் குடித்தான்.

ஏன் முழுசாகத் திறக்கவில்லை என்று கேட்டேன். “தெறந்து குடுத்தா கோவிச்சுக்குவான் டீச்சர். குடிக்கவே மாட்டான்.”

எவ்வளவு உதவுவது, எங்கே கையை எடுப்பது என்பதுதான் எங்கள் படிப்பில் பாதி. பெரியவர்களுக்கு இது சுலபத்தில் வருவதில்லை. அவன் ஒரு வார்த்தையைத் தொடங்குவதற்குள் நாம் முடித்துவிடுகிறோம். கை வராதவனுக்குப் புத்தியும் வராது என்று ஒரு நினைப்பு வேறு. பெருமூளை வாதம் அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியில் ஏற்பட்ட பாதிப்பு. அறிவு நன்றாகவே இருக்கும் பிள்ளைகள் நிறைய.

சரி, நடந்த தப்புக்கு வருகிறேன். அவளை நான் ஆசிரியர்களிடம் வாயாரப் புகழ்ந்தேன். அடுத்த சபைகூடலில் அவளுக்குப் பரிசு. அப்புறம் அவனைக் கழிவறைக்குக் கூட்டிப்போவது, பாடத்தை எழுதிக்கொடுப்பது, பை தூக்குவது எல்லாம் அவள் வேலையாகிவிட்டது. ஒன்பது வயசுப் பிள்ளை! சில மாதத்தில் காலையானால் வயிற்றுவலி. விஷயம் தெரிந்து நான் போய்ப் பேசியபோது சொன்னாள்: “அவன்கூட வெளையாடவே நேரமில்ல டீச்சர்.”

சக மாணவியின் அன்பு வேறு, உதவியாளர் வேலை வேறு. சிறப்புக் கல்வி வகுப்புள்ள அரசாங்கப் பள்ளிகளில் அந்த வேலைக்கென்றே ‘பெம்பந்து பெங்குருசான் மூரிட்’ என்ற மாணவர் உதவியாளர் இருக்கிறார். மாற்றுத்திறனாளியைப் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று 2008ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் பிள்ளையின் பெயர் பதிவில் இருந்தால்தானே பள்ளி எதையும் கேட்டு வாங்க முடியும்? தர்வினுக்கு ஓகேயூ என்ற மாற்றுத்திறனாளி அட்டையே இல்லை. “அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், வெளியே தெரிஞ்சா…” என்றார் அம்மா. தெருவே பார்க்கும் பிள்ளையை எங்கே ஒளிப்பது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அரசாங்க மருத்துவரிடம் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்து வாங்கிச் சமூக நல இலாகாவில் கொடுக்கும் வழியைச் சொன்னேன். இரண்டு தடவை தட்டிக்கழித்தார், மூன்றாவது தடவை வந்தார். பள்ளியும் யஷ்வினியிடமிருந்து வேலைகளை எடுத்துக்கொண்டது. கழிவறைக்கு இப்போது பெரியவர் ஒருவர் கூடப் போகிறார்.

போன தடவை போனபோது இருவரும் சிற்றுண்டிச்சாலைத் தரையில் உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கை போதும் அதற்கு. அவன் நான்கு கல்லையும் ஒரே வாரில் அள்ளிவிட்டான்.

“டேய், கல்லு ஆடுச்சு! ஏமாத்துற!” என்று அவள் கத்தினாள். அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். வார்த்தை வர நேரமானது. அவள் முறைத்தபடியே காத்திருந்தாள்.

“இ…ல்…ல.”