28, 30 விட்டால் 29 வருவது எப்படி?

கோண்டாவிலிலிருந்து ஓர் உயர்தர மாணவி கேட்டிருக்கிறார்: "ஏபர் முறையில் நைதரசன் மூலக்கூறு இரும்பின் மேற்பரப்பில் ஒட்டி இரண்டு அணுக்களாக உடைகிறது என்று படிக்கிறோம். அதை யார் பார்த்தது?" அருமையான கேள்வி. ஏபர் முறை என்பது நைதரசனையும் ஐதரசனையும் இரும்பு ஊக்கியின் மேல் சேர்த்து அமோனியா ஆக்கும் முறை. அந்த அமோனியாவிலிருந்து வருவதால், நம் தோட்டத்து வெங்காயத்துக்குப் போடும் யூரியாவே அந்த உடைவிலிருந்துதான் தொடங்குகிறது.

கண்ணால் பார்க்க முடியாது, நிறுத்துப் பார்க்கலாம். திணிவு நிறமாலைமானி வாயு மூலக்கூறுகளை அயனாக்கி, திணிவின்படி பிரித்து எண்ணும். சரி, அது பாடத்தில் உள்ளதுதான்.

முதலில் இரும்பு சுத்தமாக இருக்கவேண்டும். அதை வைத்திருக்கும் கலத்தின் அமுக்கம் வளிமண்டலத்தின் நூறு கோடியில் ஒரு பங்காகக் குறைந்தாலும், மிஞ்சிய வாயு ஏறக்குறைய ஒரு செக்கனில் மேற்பரப்பை மூடிவிடும். இன்னும் பத்தாயிரம் மடங்கு குறைத்தால் சில மணி நேரம் கிடைக்கும்.

அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். சாதாரண நைதரசன் மூலக்கூறின் திணிவு 28. நைதரசன்-15 என்ற சமதானியால் (அதே மூலகத்தின் திணிவு வேறான அணுவால்) ஆனதற்கு 30. இரண்டையும் சம அளவில் இரும்பின் மேல் விட்டு, மெல்ல மெல்லச் சூடாக்கி, கிளம்பி வருவதை நிறுக்கிறோம். கடுங்குளிரில் உடையாமல் ஒட்டிய மூலக்கூறுகள் அறை வெப்பநிலைக்கு வெகு முன்பே, வந்தபடியே போய்விடும்: 28, 30. ஆனால் உடைந்தவை அப்படியல்ல. தனி அணுக்கள் இரும்பை இறுகப் பற்றியிருக்கும். பல நூறு பாகை செல்சியசில்தான் அவை நகர்ந்து, எதிர்ப்பட்ட அணுவோடு சோடி சேர்ந்து கிளம்பும். 14 உம் 15 உம் சேர்ந்தால் 29! நாம் 29 ஆக விடாதது 29 ஆக வருகிறது. நன்றாகக் கலந்திருந்தால் 28, 29, 30 மூன்றும் 1:2:1 விகிதத்தில் வரும். சாதாரண நைதரசனிலும் இயல்பாக 29 உண்டு, ஆனால் அது நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டாது. உடையாமல் இவ்வளவு 29 வர வழியே இல்லை.

ஏபர் முறை 1913 இல் தொழிற்சாலைக்கு வந்தது. இந்த உடைவுதான் அதன் மிக மெதுவான படி என்று ஜேர்மனிய இரசாயனவியலாளர் கெரார்டு ஏர்ட்டில் தெளிவாக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2007 இல் நோபல் பரிசு பெற்றார். உடனடிப் பயன் இல்லையென்று இத்தகைய ஆய்வுக்குப் பணம் மறுப்பது பெரிய தவறு என்பேன். 2021 இல் இரசாயன உரம் கிடைக்காமல் நம் விவசாயிகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அமோனியாவின் அருமை தெரியும்.

இன்னொன்று, மாணவிக்காக. காபனோரொட்சைட்டின் திணிவும் 28 தான். வந்தது எது என்று அறிய, கருவிக்குள் அது சிதறும் துண்டுகளைப் பாருங்கள்: 14 இல் தெரிந்தால் நைதரசன், 12 இல் தெரிந்தால் காபனோரொட்சைட்டு.