லைன் அரே: தமிழில் ஒலிச்சரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் கோயில்களுக்கு ஒலி அமைப்பு எடுத்துத் தருபவர்களின் விலைப்பட்டியலில், சில ஆண்டுகளாக ‘லைன் அரே’ (ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடும் ஒலிபெருக்கிப் பெட்டிகள்) என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. தீமிதிக்கு முந்திய செயலவைக் கூட்டத்தில் அந்தப் பட்டியலைத் தமிழில் பெயர்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டி வந்தபோது, ‘நேர்கோட்டு வரிசை ஒலிபெருக்கித் தொகுதி’ என்று நானே எழுதினேன். வாசித்துக் காட்டியதும், “ஸ்பீக்கரைக் கோடு போட்டு அடுக்கப் போகிறார்களா, தம்பி?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானதுதான்; நான் சொல்லைப் பெயர்த்தேனே தவிர, பொருளைப் பெயர்க்கவில்லை.

‘லைன்’ என்பது லத்தீன் மொழியின் ‘லினியா’விலிருந்து வந்தது. ஆளிச்செடியின் நாரில் திரித்த நூலுக்கு அதுவே பெயர். நூல் பிடித்துக் கோடு போடும் வழக்கத்தால் கோட்டுக்கும், கோட்டில் நிற்பவற்றால் வரிசைக்கும் அந்தச் சொல் பின்னர் ஆகிவந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிய விருந்தாளி அன்று. ஒரே தகரக் கூரையின் கீழ்ப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சுவரோடு சுவராக வாழ்ந்த வீட்டு வரிசையை நாம் ‘லயம்’ என்றோமே, அது இந்த லைனின் தமிழ்ப்பேறுதான். இசையின் லயத்துக்கும் இதற்கும் வேரில் உறவில்லை. ஆனாலும் முதல் வீட்டில் போட்ட பாட்டைக் கடைசி வீடு வரை கேட்டு வளர்ந்தவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் குறை சொல்ல மாட்டேன்.

‘அரே’ இதைவிடச் சுவையான சொல். பழைய பிரெஞ்சு மொழியில் ஒழுங்குபடுத்துதல் என்ற பொருளில் தொடங்கி, ஆங்கிலத்தில் படையை வரிசைப்படுத்தலையும், உடையாலும் நகையாலும் ஒப்பனை செய்துகொள்வதையும் ஒருங்கே குறிக்கலாயிற்று. தமிழின் ‘அணி’ சொல்லுக்குச் சொல் இதே இரட்டைப் பொருளைத் தாங்கி நிற்கிறது: படையும் அணி, பூணும் நகையும் அணி. தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்ட பெரட்டும் ஒருவகை அணிதான்.

சொல்லின் வேர் இதுவென்றால், அது குறிக்கும் பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்த பிறகே தமிழ்ப் பெயரைத் தீர்மானிக்க முடியும். தனியாக நிற்கும் ஒரு பெட்டி, கொஞ்ச தூரம் தள்ளி நின்று கேட்பவருக்கு ஒரு புள்ளியைப் போன்றது; அதன் ஒலி உருண்டையாக விரிந்து, தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைகிறது. மேடையிலிருந்து 4 மீட்டரில் 100 டெசிபல் என்றால், 8 மீட்டரில் 94, 16இல் 88, 32இல் 82, திடலின் கடைசியான 64 மீட்டரில் 76. பல பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இடைவெளியின்றிக் கோத்துத் தொங்கவிட்டால், மேலும் கீழும் சிதற வேண்டிய ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, எஞ்சியது பக்கவாட்டில் மட்டும் உருளையாக விரிகிறது. அப்போது தூரம் இரட்டிக்கும்போது குறைவது 3 டெசிபல்தான். அதே 64 மீட்டரில் 88 டெசிபல் கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள 12 டெசிபல் வேறுபாட்டைப் பெருக்கியின் (ஆம்பிளிஃபையரின்) ஆற்றலால் ஈடுகட்ட வேண்டுமானால், ஏறத்தாழ 16 மடங்கு கொடுக்க வேண்டும். முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளாமல் பின்வரிசைப் பாட்டிகள் தேவாரம் கேட்கும் வழி இதுதான்.

இந்தக் கணக்கு எல்லாத் தூரத்துக்கும் எல்லாச் சுருதிக்கும் பொருந்தாது என்பதை விலைப்பட்டியல் சொல்வதில்லை. இப்படிக் கோத்த பெட்டிச் சரத்தின் நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, அலைநீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவதே, ஏறத்தாழ, அது கோடாக நடந்துகொள்ளும் தூரம். அதற்கப்பால் அதுவும் புள்ளியாகிவிடும். 33 செண்டிமீட்டர் உயரப் பெட்டிகள் 12 சேர்ந்த 4 மீட்டர்ச் சரம், 1000 ஹெர்ட்ஸில் 23 மீட்டர் வரை கோடு. தவிலின் தாழ்ந்த தொனிப் பக்கமான தொப்பி முழங்கும் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 2 மீட்டரைச் சற்றே தாண்டியதும் புள்ளி. பின்வரிசையில் நாகசுரம் துலங்க, தவிலின் அடித்தொனி மட்டும் தேய்ந்து கேட்பதற்கு இது ஒரு காரணம். எங்கள் கோயிலுக்கு ஒரு முறை வந்த ‘லைன் அரே’வை அளந்து பார்த்தேன்: நான்கு சிறிய பெட்டிகள், முக்காலியின் மேல், மொத்தம் 1 மீட்டர். 1000 ஹெர்ட்ஸில் அது கோடாக இருக்கும் தூரம் ஒன்றரை மீட்டர். பூசாரியின் தட்டைத் தாண்டும் முன்பே லைன் தீர்ந்துவிட்டது. வாடகை மட்டும் லைன் அரேயின் வாடகை. அந்தப் பணத்துக்கு இரண்டு நல்ல புள்ளிப் பெட்டிகளை மேடையருகே வைத்து, பாதித் தூரத்தில் இன்னும் இரண்டை, ஒலி வந்து சேரும் நேரத்துக்கு ஏற்பத் தாமதப்படுத்தி நிறுத்தியிருந்தால் நன்றாகக் கேட்டிருக்கும். 34 மீட்டருக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி, அவ்வளவே தாமதம். முந்நூறு பேர் அமரும் திருமண மண்டபத்துக்கும் இதையே சொல்வேன்.

பெட்டிகளை நிமிர்த்தி அடுக்கினால் மட்டும் சரம் ஆகிவிடாது. அடுத்தடுத்த ஒலி மூலங்களின் இடைவெளி அரை அலைநீளத்துக்குள் இருக்க வேண்டும். 10,000 ஹெர்ட்ஸில் அது 1.7 செண்டிமீட்டர், உச்சச் சுருதியை வெளிவிடும் எந்தக் கொம்பையும் (விரிந்த வாயுள்ள குழல்) அவ்வளவு நெருக்கமாக வைக்க முடியாது. பிரான்சின் கிறிஸ்டியன் ஹெயிலும் மார்செல் அர்பனும் 1992இல் வெளியிட்ட ஆய்வும், எல்-அகூஸ்டிக்ஸ் நிறுவனத்தின் வி-டாஸ்க் பெட்டியும் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தன: ஒலி பெட்டியின் வாயை விட்டு வெளியேறும்போதே தட்டையான அலையாக வரும்படி உள்ளே வழியமைத்தார்கள். மண்டபச் சுவரில் நீளவாக்கில் தொங்கும் பழைய தூண் ஒலிபெருக்கி இதற்குத் தாத்தா; எண்ணம் அதனிடமும் இருந்தது, உச்சச் சுருதியில் மட்டும் கைவிட்டது.

கோபுரத்தின் மேல் நான்கு திசையும் பார்த்திருந்த குழாய் ஒலிபெருக்கியைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டு நாளேடுகள் அதைக் ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கி’ என்கின்றன. ஆனால் கூம்பு எல்லாப் பெட்டியின் உள்ளேயும் இருக்கிறது. அதிரும் தாளின் வடிவமே கூம்பு. வெளியே விரிவது கொம்பு. ஊதும் கொம்பைப் போலவே அது சிறு அதிர்வைக் காற்றோடு படிப்படியாக இணைத்துத் திறனைக் கூட்டுகிறது. சாதாரணத் தாள் ஒலிபெருக்கி மின்னாற்றலில் நூற்றுக்குச் சில பங்கையே ஒலியாக்கும். 1915இல் அமெரிக்காவில் ஜென்சனும் பிரிதமும் பொதுமக்கள் முன் காட்டிய ‘மேக்னவாக்ஸ்’, அதாவது பெருங்குரல், கொம்பு வைத்ததுதான். ‘கொம்பு ஒலிபெருக்கி’ என்றே எழுதலாம்.

‘ஒலிபெருக்கி’யே சற்றுப் பிழையான சொல் என்பது வேறு. பெருக்குவது ஆம்பிளிஃபையர், இது மின்னை ஒலியாக்குகிறது, அவ்வளவே. மலாயிலும் ‘பெம்பெசார் சுவாரா’, அதே குரல்பெருக்கிதான். நிலைத்துவிட்டதால் இதை மாற்றச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இனி லைன் அரேக்கு வருவோம். ‘ஒலியணி’ என்றால் பாட்டுக் குழுவையோ கால்பந்து அணியையோ நினைப்பார்கள். கணிதப் பாடநூலில் அணி ஏற்கெனவே மேட்ரிக்ஸுக்குப் போய்விட்டது. ‘ஒலிநிரை’ சுருக்கமானது, தவறும் இல்லை. ஆயினும் தரையில் நிறுத்திய பெட்டிகளையும் அது குறிக்கும். ‘லயம்’ ஆசைக்கு நன்று, அச்சில் ஏறினால் தாளத்தோடு குழம்பும். நான் தேர்வது ‘ஒலிச்சரம்’. சரம் என்றால் கோத்தது, தொங்குவது, நீளம் உள்ளது. லினியாவின் நூலும் அதில் இருக்கிறது, அரேயின் நகையும் இருக்கிறது. மேலே நேராகவும் கீழே வளைந்தும் தொங்கும் பெட்டிகளைப் பார்த்தவர்க்கு விளக்கமே தேவைப்படாது. நான்கு பூவைக் கட்டிவிட்டு யாரும் சரம் என்று விற்க முடியாது என்பது கூடுதல் வசதி.

இந்த ஆண்டு கடைக்காரர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் ‘ஒலிச்சரம், பக்கத்துக்கு ஒன்று, சரத்தின் நீளம் ____ மீட்டர்’ என்று எழுதி, அந்த இடத்தை அவர்களே நிரப்பும்படி விட்டிருக்கிறோம்.