வகுப்பில் சேர்ந்துவிட்டேன், குளிசையை விட்டுவிட்டேன்

“சூம் வகுப்பில் சேர்ந்துவிட்டேன் டொக்டர், அதனால் குளிசையை விட்டுவிட்டேன்.” கிளினிக்கில் இதை இன்னுமொரு தடவை கேட்ட எரிச்சலில்தான் எழுதுகிறேன். வகுப்பு என்றால் மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது கவனத்தைப் பழக்கும் மனப்பயிற்சி. குளிசை என்றால் மனநலத்துக்கு நாங்கள் கொடுப்பது.

இம்முறை சொன்னவர் திருகோணமலை உப்புவெளிப் பக்கத்து அம்மா ஒருவர் (ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கொவிட் ஊரடங்கில் தொடங்கிய பதற்றம் அவருக்கு. குளிசையோடு தூக்கம் திரும்பி, சமையல், கடை, பிள்ளைகள் என்று நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் ஒரு வட்ஸ்அப் குழு வழியாக இந்த சூம் வகுப்பு. எவ்வளவு முயன்றும் மனம் வெறுமையாகவில்லை. “மருந்து உள்ளே இருக்கும்வரை மனம் அடங்காது” என்று குழுவில் யாரோ சொல்ல, ஒரே நாளில் நிறுத்திவிட்டார். சில நாட்களில் தலைச்சுற்று, தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு, தூக்கமே இல்லை. குழுவில் கேட்டாராம். “கழிவு வெளியேறுகிறது, நல்லது” என்றார்களாம்! அது கழிவும் இல்லை, மண்ணும் இல்லை. மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வருவது.

நான் இந்தப் பயிற்சிக்கு எதிரியில்லை. 1979இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் ஜோன் கபட்-சின் நாட்பட்ட வலியுள்ள நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையில் தொடங்கியது இது. எட்டுக் கிழமை, கிழமைக்கு ஒரு நீண்ட வகுப்பு, தினமும் வீட்டுப் பயிற்சி. 2020இல் எல்லாம் போனுக்குள் வந்தபோது இதுவும் வந்தது. பெருந்தொற்றின் முதல் வருடத்தில் பதற்றமும் மனச்சோர்வும் உலகளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அத்தனை பேருக்கும் நேரில் ஆள் எங்கே?

இணையவழிப் பயிற்சிக்குப் பலனும் உண்டு. 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு மதிப்பாய்வொன்றில் மன அழுத்தத்துக்கு நடுத்தரப் பலன், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிறிய பலன் தெரிந்தது. மன அழுத்தத்தைப் பொறுத்தவரை, வழிகாட்ட ஒருவர் இருந்த வகுப்புகளில் பலன் கூடுதல். பதிவு செய்த வீடியோவை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, அந்த ‘வெறுமை’க்கு வருகிறேன். யார் சொன்னார்கள் மனம் வெறுமையாக வேண்டும் என்று? எந்த ஒழுங்கான பயிற்சியும் அதைக் கேட்பதில்லை. கண்ணை மூடினால் யோசனை வரும். கடன் வரும், மாமியார் வருவார், அடுப்பில் வைத்த பால் வரும். “இதோ, யோசனைக்குப் போய்விட்டேன்” என்று கண்டுகொண்டு, கவனத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பிறகும் போகும், பிறகும் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. கிணற்றில் அள்ளும்போது வாளி மறுபடி கீழே போய்விட்டதே என்று யாராவது அழுவார்களா? பத்து நிமிடத்தில் ஐம்பது தடவை மனம் ஓடி, ஐம்பது தடவையும் நீங்கள் திரும்பி வந்தால் அன்று நன்றாகச் செய்திருக்கிறீர்கள். “எனக்கு இதுகூட வரவில்லை” என்று தன்னைத் திட்டிக்கொண்டு எழும்புபவர்தான் உள்ளதையும் கெடுத்துக்கொள்கிறார். ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவருக்கு, தோற்றுப்போக இன்னொரு பரீட்சை எதற்கு?

இன்னொரு கேள்வியும் வரும்: “இது பௌத்தர்களின் தியானம்தானே, நாங்கள் செய்யலாமா?” வேர் அங்கேதான். ஆனால் மருத்துவமனையில் கற்பிக்கும் வடிவத்தில் மந்திரமோ வழிபாடோ இல்லை. இருந்தால் நீங்கள் சேர்ந்திருப்பது வேறு ஏதோ வகுப்பு.

நம் ஊருக்கென்று சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சுனாமியையும் யுத்தத்தையும் கண்டவர்கள் நாங்கள். கண்ணை மூடி அமைதியாக இருக்கச் சொன்னால் சிலருக்கு அமைதி வராது, அந்த நாள்தான் வரும். அப்படியானவர் தனியாக, ஹெட்போனோடு, இருட்டு அறையில் இதைச் செய்யக்கூடாது. கொவிட்டில் மூச்சுத்திணறிப் பிழைத்தவருக்கும், நெஞ்சு படபடப்பு உள்ளவருக்கும் மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கூட்டலாம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளங்கால் தரையில் படுவதையோ வெளியே கேட்கும் சத்தத்தையோ கவனித்தால் போதும். காதில் குரல் கேட்பவர்கள், முன்பு மனநோய் கடுமையாக வந்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

எல்லா வேதனைக்கும் பயிற்சி மருந்தாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் கொவிட்டால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை இருந்தது. அடக்கம் செய்ய முடியாமல் போன ஒரு குடும்பத்திடம் “மூச்சைக் கவனியுங்கள்” என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வகுப்பில் சேருமுன் நடத்துபவர் யார், எங்கே பயிற்சி பெற்றவர் என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்தால் வெளியே வாருங்கள். மருந்தைப் பற்றி வாய் திறந்தாலும் வெளியே வாருங்கள். மருந்தைக் குறைத்துக்கொண்டே இத்தகைய பயிற்சி கொடுத்த ஆய்வுகள் உண்டுதான். ஆனால் அங்கே வைத்தியர் பார்த்திருக்க, படிப்படியாகக் குறைத்தார்கள், வட்ஸ்அப் குழு சொல்லி இல்லை. பயிற்சி செய்யச் செய்ய நிலைமை மோசமானால் நிறுத்துங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அடுத்த கிளினிக் நாள்வரை இருக்காதீர்கள். இலங்கையின் மனநல உதவி எண்ணான 1926க்கு எந்நேரமும் அழைக்கலாம், இல்லையென்றால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏற்கெனவே குளிசையை நிறுத்தியவர்களிடம் ஒரு கெஞ்சல். பயந்துபோய் பழைய அளவை நீங்களாகவே மீண்டும் தொடங்க வேண்டாம். நேராகக் கிளினிக்குக்கு வாருங்கள், யாரும் ஏச மாட்டோம். மிச்சமிருக்கும் குளிசையையும், அந்த வகுப்பு இருக்கும் போனையும் கொண்டு வாருங்கள்.