பதினாறாம் நாள் முடிஞ்சு எல்லாரும் கிளம்பினதுக்கு அப்புறம்

போன வருஷம் ஒருத்தர் தன்னோட அப்பாவ கூட்டிட்டு வந்தாரு, பெரியவருக்கு எழுபதை ஒட்டி வயசு (யாருன்னு தெரியக்கூடாதுன்னு சிலத மாத்தி எழுதுறேன்). அப்பாவ வெளிய உக்கார வச்சிட்டு உள்ள வந்து மெதுவா, "டாக்டர், அப்பாவுக்கு புத்தி பிசகிடுச்சோன்னு பயமா இருக்கு, செத்துப்போன அம்மாகூட பேசுறார்"னாரு. என்ன பேசுறார்னு கேட்டேன். "கிச்சன்ல நின்னுக்கிட்டு, பெருங்காயத்த எங்கடி வச்சேங்கிறார்."

நாப்பது வருஷத்துக்கு மேல அந்த கிச்சன் பக்கமே போகாத மனுஷன், பாவம் வேற யார்கிட்ட கேப்பாரு?

இது பைத்தியம் இல்லைங்க. 1971ல வேல்ஸ்ல ஒரு டாக்டர், துணைய இழந்த 293 பேர்கிட்ட பேசி எழுதினதுல கிட்டத்தட்ட பாதி பேர், இறந்தவங்க பக்கத்துலயே இருக்கிற மாதிரி, குரல் கேக்குற மாதிரி, இப்படி ஏதோ ஒண்ண உணர்ந்திருக்காங்க. அதுல பெரும்பாலானவங்க வெளிய சொல்லவே இல்ல. நம்ம ஊர்லயும் அதே கதைதான், சொன்னா பேய் பிடிச்சிருக்குன்னு மந்திரிக்க கூட்டிட்டு போவாங்க இல்லன்னா என்கிட்ட கூட்டிட்டு வருவாங்க. ஆனா அம்மா உசுரோட இருக்காங்கன்னே நம்புறது, சாகச் சொல்லி குரல் கேக்குறது, நாள் கிழமை எல்லாம் குழம்புறது, இதெல்லாம் வேற விஷயம், உடனே காட்டணும்.

பெரியவர்கிட்ட பேசினப்ப தான் நிஜ சிக்கல் தெரிஞ்சது. பதினாறு நாளும் வீடு நிறைய ஜனம், யாராவது சாப்பிடச் சொல்லிட்டே இருந்தாங்க. காரியம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பும்போது மகனும் மருமகளும் நல்லது பண்றதா நெனச்சு கிச்சன ஒழுங்குபண்ணி, அந்தம்மா வச்சிருந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், டப்பா எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டு, புதுசா ஒரே மாதிரி டப்பா வாங்கி லேபிள் ஒட்டி வச்சிட்டாங்க. அப்புறம் தான் அவர் கொஞ்சநஞ்சம் சமைக்கப் பாத்ததையும் விட்டுட்டாரு, காலைல டீ பன்னு, ராத்திரி ஒண்ணும் இல்ல, நாள் பூரா டிவி ஓடும் ஆனா பாக்க மாட்டாரு. பிபி மாத்திரைய எடுத்து குடுத்ததும் அந்தம்மா தான், மூணு வாரமா போடலன்னு அன்னைக்கு தான் தெரிஞ்சது. பிபி 170க்கு மேல.

இதுல நான் யாரையும் குத்தம் சொல்ல முடியாது, ப்ராக்டிஸ் ஆரம்பிச்ச புதுசுல துணைய இழந்து தூக்கம் வரலன்னு வந்தவங்களுக்கு தூக்க மாத்திரை எழுதி அனுப்பிச்சவன் தான் நானும். "மறந்துட்டு ஆக வேண்டியத பாருங்க"ன்னு வேற சொல்லிருக்கேன், வெக்கமா இருக்கு.

அழுகை, அழுகை இல்லாத நாள், கடைக்குப் போறது, போன இடத்துல அவங்களுக்குப் பிடிச்ச கத்திரிக்காய பாத்துட்டு திரும்பி வந்துடறது, இப்படி மாறி மாறி தான் வரும், வரிசையா படி இறங்குற மாதிரி வராது. மாச திதி, தலை திவசம்னு நம்மாளுங்க வச்சதுல ஒரு வசதி இருக்கு, அன்னைக்காவது அவங்க பேர வீட்ல எடுக்கலாம். ஆனா ஆறு மாசம், ஒரு வருஷம் தாண்டியும் தினமும் அதே வேதனை, எதுலயும் ஒட்ட முடியலன்னா அதுக்கு இப்ப தனி சிகிச்சையே இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல ஆறு மாசம்னு கணக்கு, அமெரிக்கப் பட்டியல்ல பெரியவங்களுக்கு ஒரு வருஷம். "நானும் கூடவே போயிருக்கணும்"னு திரும்பத் திரும்ப சொன்னா மாசக்கணக்கெல்லாம் பாக்காதீங்க, 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசலாம். நெஞ்சு வலின்னா துக்கத்துல வர்றதுதான்னு விட்டுறாதீங்க, நேரா ஆஸ்பத்திரி தான்.

அந்த வீட்டுக்கு நான் சொன்னது ரெண்டே விஷயம், மாத்திரைக்கு மகன் காலைல போன் பண்ணணும், மூட்டைய பரண்ல இருந்து இறக்கணும். அடுத்த தடவை வந்தப்ப பிபி பரவால்ல. ரசம் வைக்கிறாராம், பெருங்காயம் காப்பித்தூள் டப்பாக்குள்ள இருந்துச்சாம், "அவ அப்படித்தான் சார், எதையும் அதது எடத்துல வைக்கமாட்டா"ன்னு ரொம்ப நேரம் திட்டிட்டு இருந்தாரு.