பால்பேணியும் தராசும்

“பேணி ஒண்டுதானே டீச்சர், அப்ப நிறையும் ஒண்டுதான் வரும்.”

ஒரே பேணியால் அரிசியும் மாவும் அளந்தால் எது நிறை கூட என்று கேட்டதற்கு, எட்டு வயதுப் பிள்ளை சந்தேகமே இல்லாமல் சொன்னாள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு பழைய வீடுதான் எங்கள் பள்ளிக்கூடம். அதன் குசினி மேசையில் அன்றைக்கு ஒரு ரின்பால் பேணி, சம்பா அரிசி, வறுத்த அரிசிமா, ஒரு டிஜிட்டல் தராசு.

அரிசியைத் தலைதட்டி நிறுத்தாள். பேணியின் நிறையைக் கழித்து 236 கிராம் என்று கொப்பியில் எழுதினாள். மாவை நிறுத்தாள். 148. அவள் என்னைப் பார்க்கவில்லை, தராசைத்தான் முறைத்தாள். தராசு பிழையோ என்று அரிசியைத் திரும்பவும் வைத்துப் பார்த்தாள். தராசு சரி. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு மாப்பேணியை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள். மா ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. மேலே இன்னும் மாப் போட்டு நிரப்பி நிறுத்தபோது 171.

“மாவுக்குள்ள காத்து இருந்திருக்கு!”

இதற்கு இருபது நிமிடம் போனது. அதற்குள் இரண்டு தடவை எனக்குச் சொல்லிக்கொடுக்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பன்னிரண்டு வருடமாகச் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன், இன்றைக்கும் எனக்கு மிகக் கஷ்டமான வேலை இதுதான். நான் சொல்லியிருந்தால் அவள் தலையாட்டியிருப்பாள், அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். பிழையைத் தராசு சொன்னதால் அவள் தட்டிப் பார்த்தாள்.

கொழும்பில் ஒழுங்கைக்கு ஒரு மொண்டிசோரி பாலர் பள்ளிப் பலகை தொங்குகிறது. மரியா மொண்டிசோரி 1907இல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பொன்றில் தன் முதல் சிறுவர் இல்லத்தைத் திறந்தவர். அவருடைய உபகரணங்களில் ஒன்று, பத்துக் குழிகளும் பத்து உருளைகளும் உள்ள மரக்கட்டை. ஒரு உருளையை மாறி வைத்தால் கடைசியில் ஒன்று குழிக்குள் இறங்காது. ஆசிரியர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, பிள்ளையே திரும்பக் கழற்றி அடுக்கும். அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே மூன்றரை வயதுப் பிள்ளை ‘அ’னாவை ஒரு பக்கம் முழுக்கப் பார்த்து எழுதுவதைக் காணும்போது மனசு நோகிறது.

இப்படிச் செய்து பார்த்துப் படிப்பதெல்லாம் வெளிநாட்டு மோஸ்தர் என்று சொல்லும் பெற்றோரும் உண்டு. ஆனால் இது இங்கேயும் பழசுதான். ஹொரணையில் ஸ்ரீபாலி கல்லூரிக்குத் தாகூர் வந்து அடிக்கல் நாட்டியது 1934இல். வங்காளத்தில் தாகூர் தொடங்கிய சாந்திநிகேதன் பள்ளியைப் பார்த்து எழுந்த பள்ளிக்கூடம் அது. கொழும்பிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கையால் ஏதோ செய்தால் போதும் என்பது இல்லை. ஒப்படை என்று பிள்ளைக்குக் கொடுப்பதை அம்மா இரவு பதினொரு மணி வரை ஒட்டுகிறார், படத்தைக் கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுக்கிறார்கள். பிள்ளை காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதில் பிள்ளைக்கு என்ன அனுபவம்? செய்து முடித்த பிறகு பேசவும் வேண்டும். “முதல் என்ன நினைச்சனீ? பிறகு என்ன நடந்தது? உப்பை வைச்சா எப்படி வரும்?” அதைப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். இந்தப் பேச்சு இல்லாவிட்டால் மா சிந்தியது மட்டும்தான் மிச்சம்.

முன்பு வேறொரு பாடசாலையில் இருந்தபோது, பயறு நட்ட பையன் ஒருவன் ஒவ்வொரு நாளும் செடியைப் பிடுங்கி வேர் பார்த்தான். நான் அவனை ஏசினேன். அவன் அதன்பின் அந்தச் சாடிப் பக்கமே வரவில்லை. அது இன்னும் எனக்கு வலிக்கிறது. இப்போது நாங்கள் பத்து விதை போட்டால் அதில் நாலு பிடுங்கிப் பார்ப்பதற்கு.

சரி, ஐந்தாம் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சை? “இது சோதினைக்கு வருமா டீச்சர்?” என்று அந்தப் பிள்ளையின் அப்பாவும் கேட்டார். நியாயமான கேள்வி. நிறுத்துப் பார்த்த பிள்ளை கொள்ளளவையும் நிறையையும் குழப்பிக்கொள்ளாது என்றேன். நேரத்துக்குள் விடை எழுதும் வேகத்துக்குப் பழைய வினாத்தாள் செய்யத்தான் வேண்டும், அதை மறைக்கவில்லை. ஆனால் தரம் 3இலேயே அதைத் தொடங்கி, பின்னேரம் முழுக்க ரியூசனில் இருத்துவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். களைத்த பிள்ளைக்குத் தட்டிப் பார்க்க மனம் வராது.

பிளாட்டில் இருக்கிறோம், முற்றம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். குசினி இருக்கிறது. புட்டுக்கு மாக் குழைக்கும்போது தண்ணீரைப் பிள்ளை விடட்டும். கூடினால் களியாகும், குறைந்தால் உதிரும். “போதும் போதும்” என்று பக்கத்தில் நின்று சொல்லாதீர்கள். திருவலை, கத்தி, அடுப்பு மட்டும் வேறு கணக்கு, அங்கே நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். மற்றதற்கு ஒரு பேணி மா வீணாகிறதென்றால் ஆகட்டும். அன்றைக்குப் புட்டுக் களியாக வந்தாலும் எல்லாருமாக இருந்து அதையே சாப்பிடுங்கள், நாளைக்கு எவ்வளவு தண்ணீர் விடலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள்.