18 எம்எம் ஷீட்டும் நம்ம இடுப்பும்: வேஸ்ட் பிளைவுட்ல ஒரு டாலி

கோயமுத்தூர் பக்கம் இன்டீரியர் வேலை எடுத்து செய்றேன், ஆசாரி வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இத்தனை வருஷத்துல மெஷின்ல கைய விட்டவங்கள விட ஷீட்ட தூக்கி இடுப்ப கெடுத்துக்கிட்டவங்களத்தான் அதிகம் பாத்திருக்கேன். ஆனா கட்டர் மெஷின்னா உஷாரா இருக்குற பசங்க ஷீட்டுன்னா சும்மா எட்டி புடிச்சு இழுக்குறாங்க.

8க்கு 4 அடி, 18 எம்எம் பிளைவுட் ஒண்ணு 30ல இருந்து 35 கிலோ வரும், அதே சைஸ் எம்டிஎஃப்னா, அதான் மரநார அழுத்தி செய்ற பலகை, 40 கிலோ பக்கம். 50 கிலோ சிமெண்ட் மூட்டையே தோள்ல போட்டு போறோம் இது என்ன பிரமாதம்னு கேப்பீங்க, நானும் அப்படி பேசிட்டு திரிஞ்சவன்தான். மூட்டை ஒடம்போட ஒட்டிக்கும், ஷீட் ஒட்டாது. ஒரு கை அடியில, ஒரு கை மேல, இடுப்பு ஒரு பக்கமா முறுக்கி நிக்கும், அந்த பக்கம் யாரு வர்றாங்கன்னு கூட தெரியாது. அமெரிக்காவுல நியோஷ்னு தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஒண்ணு இருக்கு, அவங்க 1991ல திருத்தி போட்ட கணக்குல, பாரத்த ஒடம்புக்கு பக்கத்துல வெச்சு, முறுக்காம, நல்ல பிடியோட தூக்குனா கூட உச்ச அளவு 23 கிலோதான். நம்ம ஷீட்டுல அந்த தோது ஒண்ணு கூட கிடையாது.

சரின்னு நானே ஒரு டாலி, அதான் ஷீட்ட நிறுத்தி தள்ளிட்டு போற சக்கர வண்டி, செஞ்சேன். முதல்ல செஞ்சது தப்பு டாலி. 12 இன்ச் அகல பலகை, அடியில நாலு 2 இன்ச் வீலு, பலகைக்கு நட்ட நடுவுல ஷீட் நிக்கிற மாதிரி காடி (நீள பள்ளம்), பின்னாடி சாய ரெண்டு ரீப்பர். பாக்க அம்சமாத்தான் இருந்துச்சு. ஆறு ஷீட் ஏத்தி ஒரு அபார்ட்மெண்ட் காரிடார்ல தள்ளிட்டு போறோம், தரையில ஒரு ஸ்க்ரூ கிடந்திருக்கு, அவ்வளவுதான், வீலு டக்குன்னு நின்னுருச்சு, ஷீட் நிக்கல. பின்னாடி சாயுதுன்னு ஹெல்பர் தம்பி கைய குடுத்தான், சுவத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவுல விரலு மாட்டிக்கிச்சு. எலும்பு தப்பிச்சுது, நகம் ரெண்டும் கருத்து ஒரு மாசத்துல கழண்டுச்சு. அது அவன் தப்பில்ல, என் தப்பு.

அன்னிக்கு ராத்திரி பேப்பர்ல வரைஞ்சு பாத்தப்பதான் புரிஞ்சுது. ஷீட்ட படுக்கவாட்டுல நிறுத்துனா 4 அடி ஒசரம், அதோட பாரம் 2 அடி ஒசரத்துல நிக்குது. 10 டிகிரி சாச்சா அந்த பாரம் 4 இன்ச் பின்னாடி போயிரும். 12 இன்ச் பலகையில வீலெல்லாம் ஓரத்துல இருந்து ஒன்றரை இன்ச் உள்ள தள்ளி மாட்டியிருந்தேன், அப்ப நடுவுல இருந்து நாலரை இன்ச்சுதான் வீலு. அரை இன்ச் சமாளிப்புல 200 கிலோவ தள்ளிட்டு போயிருக்கோம்!

இப்ப ஓடுறது ரெண்டாவது. வேஸ்ட் 18 எம்எம் பிளைவுட் ரெண்டு துண்ட ஃபெவிகால் போட்டு ஒட்டி, 30 இன்ச் நீளம் 18 இன்ச் அகலம். சாய்ற பலகையோட அடிய நடுக்கோட்டுல வைக்காம 3 இன்ச் முன்னாடி தள்ளி வெச்சிருக்கேன், அப்பதான் ஒரு ஷீட் வெச்சாலும் ஆறு ஷீட் வெச்சாலும் பாரம் நடுக்கோட்டு பக்கத்துலயே விழும். சாய்வு பலகை ரெண்டரை அடி ஒசரமாவது இருக்கணும், ஷீட்டோட பாதிக்கு மேல தாங்கலன்னா மேல்பக்கம் ஆடும். பின்னாடி முக்கோணமா ரெண்டு முட்டு. ஷீட் உக்கார்ற எடத்துல ஆப்பு மாதிரி சரிவா ஒரு துண்டு, மேல பழைய ரப்பர் மேட் வெட்டி ஒட்டியாச்சு, முன்னாடி வழுக்காம 2 இன்ச் தடுப்பு.

வீல்ல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். 4 இன்ச்சுக்கு கொறையாம, பியூ (பாலியூரித்தேன்) வீலு. டைல்ஸ்ல கோடு போடாது, லிஃப்ட் வாசல் சந்துல முழுசா எறங்காது. லோடு கணக்குக்கு மொத்த எடைய நாலால வகுக்காதீங்க, மூணால வகுங்க, ஏன்னா மேடு பள்ளத்துல எப்பவும் ஒரு வீலு அந்தரத்துலதான் இருக்கும். 200 கிலோன்னா ஒரு வீலு 70 கிலோ தாங்கணும். ஒரு பக்கம் ரெண்டு ஃபிக்ஸட், தள்ற பக்கம் ரெண்டு பிரேக் வெச்ச சுத்துற வீலு. நாலும் சுத்துற மாதிரி போட்டா சந்துல சொகமாத்தான் இருக்கும், சரிவுல அது இழுத்த பக்கம் நீங்க போவீங்க. ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம், 8 எம்எம் போல்ட்டு போட்டு வாஷரோட அந்த பக்கம் நட்டு.

ஓட்டும்போது ஒரே சண்டை இதுதான்: சாஞ்ச பக்கம் ஆள் நிக்கக்கூடாது, ஷீட்ட டாலியோட சேத்து பெல்ட் போட்டு கட்டாம நகரக்கூடாது, விழுதுன்னா விட்டுரணும். ஷீட் போனா ரெண்டாயிரமோ மூவாயிரமோ, பில்லு என் பேர்லன்னு பசங்ககிட்ட சொல்லியே வெச்சிருக்கேன், இல்லன்னா ஓனர் திட்டுவாருன்னு பயந்தே கைய குடுப்பானுங்க. செருப்பு போட்டு வந்தா டாலி பக்கம் விடறதில்ல.

மாடிப்படியில இந்த டாலி ஒண்ணுக்கும் ஆகாது, முயற்சியும் பண்ணாதீங்க. எட்டடி ஷீட்டு லிஃப்ட்லயும் நேரா நிக்காது. கடையிலயே பேனல் சா, அதான் முழு ஷீட்ட அறுக்குற மெஷின், இருந்தா அளவு குடுத்து கொஞ்சம் அதிகமா விட்டு வெட்டி வாங்கிருங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சுது.

வாரத்துக்கு ஒரு தடவ டாலிய கவுத்து போட்டு நட்டு தளர்ந்திருக்கான்னு பாருங்க, வீலு அச்சுல சுத்தியிருக்குறத எல்லாம் பிளேடு வெச்சு வெட்டி எடுங்க. போன சனிக்கிழமை எங்களுத கவுத்தா தலைமுடி, பேக்கிங் டேப்பு, மரத்தூளு, நடுவுல ஒரு பச்சை நூலு முழம் முழமா வருது. அந்த வீட்டு அக்கா ரெண்டு நாளா தையல் மெஷின் நூல்கண்ட காணோம்னு தேடிட்டு இருந்தாங்களாம்.